பாட்டி போனாலும் பாட்டு போகக் கூடாது!

(பட்டிமன்றத் தலைப்பு: குழந்தைகளிடம் நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டு சேர்ப்பது நேரில் பாடும் குரலா? ஒலிப்பதிவா? – ‘ஒலிப்பதிவே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே வரிசையாக அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற அன்பர்களே! அரங்கத்திலே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டுக் கூடத்திலே ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். “பாட்டுன்னா அது அம்மா வாயிலேருந்து வரணும், பாட்டி மடியிலே கேட்கணும். பெட்டிக்குள்ளே அடைச்சு வச்ச பாட்டு ஊறுகாய் மாதிரி. தொட்டுக்கலாம், சோறாகாது” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனா ஐயா, தம்பி அதைச் சொல்லும்போது அவர் சட்டையிலே என்ன இருந்தது? மைக் இருந்தது. எதிரே என்ன இருந்தது? மூன்று கேமரா இருந்தது. பதிவு வேண்டாம் என்று பேசுவதைக்கூடப் பதிவு பண்ணித்தான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

போகட்டும். தம்பி ஊறுகாய் என்றார். நான் விவசாயி வீட்டுப் பெண். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எங்கள் ஊரிலே அறுவடை முடிந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? நல்ல நெல்லாப் பார்த்து எடுத்துக் காயவைத்து விதைக்கு என்று தனியாகக் கட்டி வைப்பார்கள். வீட்டிலே பஞ்சம் வந்தாலும் அந்த மூட்டையிலே கை வைக்க மாட்டார்கள். அது சோறு இல்லைதான். ஆனா அடுத்த வருஷத்துச் சோறு அதுக்குள்ளேதான் இருக்கிறது. பதிவு பண்ணி வைத்த பாட்டு ஊறுகாய் இல்லை தம்பி, விதைநெல்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒலிப்பதிவும் குழந்தைப் பாட்டும் ஏதோ பகையாளிகள் மாதிரி எதிரணியினர் பேசினார்கள். உண்மை என்ன? இரண்டும் ஒரே தொட்டிலிலே வளர்ந்தவை.

பிரான்ஸ் நாட்டிலே ஸ்காட் என்று ஒருவர். அச்சுத் தொழில் தெரிந்தவர். ஒலியை எழுத்து மாதிரி காகிதத்திலே எழுத முடியுமா என்று யோசித்தார். விளக்குக் கரி பூசிய காகிதத்திலே, குரலின் அதிர்வை ஒரு கருவி கோடு கோடாகக் கிறுக்கியது. 1860-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி. அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. அது அவர் நோக்கமும் இல்லை. வெறும் கோடுதான். 148 வருஷம் கழித்து, 2008-லே, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளைக் கணினியிலே ஏற்றிக் குரலாக மாற்றினார்கள். என்ன கேட்டது? பிரெஞ்சுக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாட்டுப்புறப் பாட்டு. ‘நிலா வெளிச்சத்திலே’ என்று ஆரம்பிக்கிற பாட்டு! இன்றைக்குக் காதால் கேட்கக் கிடைக்கிற பாட்டுப் பதிவுகளிலே மிகப் பழையதாகச் சொல்லப்படுவது அதுதான். நம்ம வீட்டிலே குழந்தைக்கு நிலாவைக் காட்டிப் பாடுகிறோம். ஒலிப்பதிவும் நிலாப் பாட்டோடுதான் தன் கணக்கைத் தொடங்கியிருக்கிறது. (கைதட்டல்)

இதிலே ஒரு வேடிக்கை. முதல் தடவை கேட்டவர்கள், “ஆகா, ஒரு சின்னப் பெண் பாடுகிறாள்” என்று நினைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, வேகத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். சரியான வேகத்திலே கேட்டால் ஆண்குரல். அநேகமாக அந்த ஸ்காட்டே பாடியது! (சிரிப்பு)

அதற்கப்புறம் எடிசன். 1877-லே, பேசினதைத் திருப்பிப் பேசுகிற கருவியைச் செய்தார். அதற்குள்ளே முதலிலே என்ன சொன்னார்? பெரிய தத்துவமா? அரசியல் சொற்பொழிவா? மேரி வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைப் பாட்டைத்தான் சொன்னதாக அவரே பிற்காலத்திலே நினைவுகூர்ந்திருக்கிறார். எவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கும் நெஞ்சிலே முதலிலே வருவது குழந்தைப் பாட்டு. (கைதட்டல்)

இப்போது நான் தமிழாசிரியையாகக் கொஞ்சம் பேசுகிறேன். சிலப்பதிகாரத்திலே வாழ்த்துக் காதைக்குப் போங்கள். அம்மானை ஆடுகிற பாட்டு, பந்தடிக்கிற பாட்டு, ஊஞ்சல் பாட்டு, உலக்கை குத்துகிற வள்ளைப்பாட்டு எல்லாம் இருக்கிறது. மாணிக்கவாசகர் என்ன செய்தார்? தெருவிலே பெண்பிள்ளைகள் விளையாடிய அம்மானை, சாழல், தோணோக்கம், ஊசல் எல்லாவற்றையும் எடுத்துத் திருவாசகத்துக்குள்ளே வைத்தார். இளங்கோவடிகளும் மாணிக்கவாசகரும் அன்றைக்குச் செய்தது என்ன? அவர்கள் கையிலே இருந்த கருவி எழுத்தாணி. அதிலே பதிவு செய்தார்கள்! அவர்கள் பதியாமல் விட்டிருந்தால் அந்தத் தெருப்பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், எந்த வடிவத்திலே பாடினார்கள் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஆனா ஒரு வருத்தம் இருக்கிறது ஐயா. ஓலையிலே சொல் நின்றது. மெட்டு நிற்கவில்லை. அந்தப் பெண்கள் எங்கே இழுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எந்த இடத்திலே சிரித்தார்கள்? இந்த நாட்டிலே எத்தனை பேராசிரியர் சேர்ந்தாலும் அதைச் சொல்ல முடியாது. பெர்சி மெக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் ‘மலையருவி’ என்று பதிப்பித்தார். நா.வானமாமலை ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தந்தார். அந்த இருவருக்கும் தமிழ் உள்ளவரை நாம் கடன்பட்டவர்கள். ஆனா அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைத் தூங்க வைக்க முடியுமா? குழந்தைக்குச் சொல் புரியாது. மெட்டுத்தான் புரியும். தாளிலே வராத அந்த மெட்டைக் காப்பாற்ற ஒலிப்பதிவை விட்டால் வேறு வழி என்ன இருக்கிறது? எதிரணியினர் பதில் சொல்லட்டும்! (கைதட்டல்)

அடுத்து, “பதிவு பண்ணினால் பாட்டு செத்துப்போகும், கூடிப் பாடுகிற சந்தோஷம் போய்விடும்” என்றார்கள். எந்தப் பதிவைச் சொல்கிறீர்கள்? நாலு பக்கமும் சுவரை அடைத்துக்கொண்டு, காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, தனியாக ஒருவர் பாடுகிற பதிவு ஒருவகை. பிள்ளைகளுக்கு நடுவிலே நின்று, அவர்கள் சத்தத்தோடு சேர்த்து எடுக்கிற பதிவு இன்னொரு வகை. நான் வாதாடுவது இந்த இரண்டாவது வகைக்கு.

அமெரிக்காவிலே பீட் சீகர் என்று ஒரு நாட்டுப்புறப் பாடகர். 1919-லே பிறந்து 2014-லே மறைந்தவர். கையிலே பாஞ்சோ, தொண்டையிலே ஊர்ப் பாட்டு. 1955-லே அவரை ஒரு நாடாளுமன்றக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. “உன் கொள்கை என்ன? யார் யாரோடு பழகினாய்?” என்று கேட்டது. சொல்ல மறுத்தார். வழக்கு வந்தது, 1961-லே தண்டனையும் வந்தது. அடுத்த வருஷமே மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் 1967 வரைக்கும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அவருக்குக் கதவு திறக்கவில்லை.

அந்தக் காலத்திலே அவர் என்ன செய்தார்? பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளைகளின் கோடை முகாம்களுக்குப் போனார். கல்லூரிகளுக்குப் போனார். பெரியவர்கள் வாசலை அடைத்தார்கள், பிள்ளைகள் பாயை விரித்தார்கள்! (கைதட்டல்) நியூயார்க் நகரத்து டவுன் ஹால் அரங்கத்திலே குழந்தைகளுக்காக அவர் பாடியதைப் பதிவு செய்து 1963-லே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அவர் மேடையிலே தனியாகப் பாடிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஒரு வரி பாடுவார், அடுத்த வரியைக் கூட்டத்தின் கையிலே கொடுத்துவிடுவார். மழலையின் இனிமைக்கு முன்னால் குழலும் யாழும் எம்மாத்திரம் என்று வள்ளுவர் கேட்டார் அல்லவா? இந்த மாதிரிப் பதிவிலே யாழுக்குப் பதில் பாஞ்சோ. மழலையும் அதே தட்டிலே கூடவே வருகிறது!

இன்னொரு அம்மையார், எல்லா ஜென்கின்ஸ். சிகாகோ நகரத்திலே வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. 1924-லே பிறந்து, நூறு வயதைத் தொட்டு, 2024-லே மறைந்தார். அவருடைய வழி ரொம்ப எளிமை. நான் ஒரு வரி சொல்கிறேன், நீ திருப்பிச் சொல். அவ்வளவுதான். நம்ம ஊரிலே நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே முறை. 1957-லே முதல் தட்டு. 1966-லே சிகாகோப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடி ஒரு தட்டு. அந்த 1966 தட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசத்தின் சொத்தாகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலே சேர்த்தது.

இதிலே என்ன சூட்சுமம்? வீட்டிலே தனியாக இருக்கிற ஒரு பிள்ளை அந்தத் தட்டைக் கேட்கிறது. அம்மையார் ஒரு வரி பாடுகிறார். தட்டுக்குள்ளே இருக்கிற பிள்ளைகள் திருப்பிப் பாடுகிறார்கள். கேட்கிற பிள்ளை சும்மா இருக்குமா? அதுவும் பாடும்! தட்டுக்குள்ளே ஒரு பிள்ளை பிசகிப் பாடினால் இன்னும் நல்லது. “அட, அவனும் என்னை மாதிரித்தான்” என்று தைரியம் வரும். (சிரிப்பு) கூட்டுக் குடும்பம் இல்லாத வீட்டிலே, பக்கத்து வீட்டுக் கதவே திறக்காத அடுக்குமாடியிலே, ஒற்றைப் பிள்ளைக்குப் பத்துத் தோழர்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது அந்தப் பதிவு. நேர்ப்பாட்டுக்கு இது எதிரி இல்லை ஐயா. இது நேர்ப்பாட்டின் நிழல். வெயிலிலே நிற்கிற பிள்ளைக்கு நிழலும் வேணும்!

எல்லா ஜென்கின்ஸ் தட்டுகளை வெளியிட்டது ஃபோக்வேஸ் என்ற நிறுவனம். மோசஸ் ஆஷ் என்பவர் 1948-லே தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேலே தட்டுகள் போட்டார். அதிலே ஒரு விசேஷம். விற்கவில்லை என்பதற்காக எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார். அகராதியிலே குறைவாக வருகிற எழுத்தை யாராவது நீக்குவார்களா என்பது அவர் நியாயம். நம்ம மொழியிலே சொன்னால், ஆய்த எழுத்து அடிக்கடி வரவில்லை என்று அரிச்சுவடியிலிருந்து தூக்கிவிட முடியுமா? 1987-லே அந்தத் தொகுப்பை ஸ்மித்ஸோனியன் நிறுவனம் ஏற்றபோதும், எல்லாத் தட்டும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஏற்றது.

எதிரணிச் சகோதரி ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். “பதிவு பண்ணினவன் பணம் சம்பாதிச்சான், பாடினவன் பட்டினி கிடந்தான், இது நியாயமா?” என்றார். நியாயமே இல்லை சகோதரி. நானே சாட்சி சொல்கிறேன். நம்ம பிள்ளைகள் எல்லாருக்கும் ‘விமோவே, விமோவே’ என்று வருகிற சிங்கப் பாட்டு தெரியும். கார்ட்டூன் படத்திலே கேட்டிருப்பார்கள். அதன் மூலம் என்ன? தென்னாப்பிரிக்காவிலே சாலமன் லிண்டா என்ற ஜூலு இனப் பாடகர் 1939-லே பாடிப் பதிவு செய்த ‘ம்புபே’. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் பீட் சீகர் குழுவினர் அமெரிக்காவிலே பாடினார்கள். அவர் பாடியது ‘உயிம்புபே’. இவர் காதிலே விழுந்தது ‘விமோவே’! (சிரிப்பு) பாட்டு உலகம் முழுக்கச் சுற்றியது. லிண்டாவோ 1962-லே ஏழையாகவே மறைந்தார். அவருடைய குடும்பத்தார் வழக்காடி, 2006-லேதான் ஓர் உடன்பாட்டுக்கு வர முடிந்தது.

இதிலே குற்றவாளி யார்? பதிவா? இல்லை. பெயரை மறைத்தவர்கள், பங்கைக் கொடுக்காதவர்கள். அந்த 1939-ஆம் வருஷத்துத் தட்டு இருந்ததால்தானே, “இது எங்க அப்பா பாட்டு” என்று அந்தப் பெண்மக்கள் கேட்க முடிந்தது? திருட்டுக்கு வழிவிட்டது பதிவு என்று நீங்கள் சொன்னால், திருட்டைக் காட்டிக்கொடுத்த சாட்சியும் அதே பதிவுதான்! (பலத்த கைதட்டல்)

நம்ம ஊருக்கு வாருங்கள். கொல்லங்குடி கருப்பாயி அம்மா. வயற்காட்டுப் பாட்டு பாடிய அந்தக் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது எது? வானொலி. வானொலியிலே பேர் பெற்ற பிறகுதான் 1985-லே ‘ஆண்பாவம்’ படத்திலே வந்தார். 2025-லே அந்த அம்மா மறைந்துவிட்டார். குரல் மறைந்ததா? இல்லையே!

இப்போது நான் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் என் மாணவிகளோடு கரிசல்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தாலாட்டு சேகரிக்கப் போனோம். ஒரு பாட்டியம்மா, எண்பது வயசு இருக்கும். “ஆத்தா, ஒரு தாலாட்டு பாடுங்க” என்று கருவியை நீட்டினோம். அந்த அம்மா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஏ தாயி, படிச்ச புள்ளைகதானே நீங்க? புள்ள இல்லாம தாலாட்டா? வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுன்னு உங்க வீட்டுல யாரும் சொல்லலையா?” என்றார்.

எங்களுக்கு வாயடைத்துப்போனது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்த அம்மா மடியிலே போட்டாள். உடனே அந்தக் குரல் மாறியது பாருங்கள்! “இவன் மாமன் பேரு என்ன தாயி?” என்று கேட்டார். மாமன் பேரைப் பாட்டிலே வைத்தார். அந்த ஊர்க் கண்மாயை வைத்தார், அவன் தாய் பிறந்த ஊரை வைத்தார். கால் மணி நேரம் பாட்டு ஓடியது. பதிவிலே பாட்டு மட்டுமா இருக்கிறது? குழந்தையின் தண்டைச் சத்தம், ஒரு கோழி, நடுவிலே அந்த அம்மாவின் இருமல், தூரத்திலே ஒரு டவுன் பஸ் ஹாரன். என் மாணவி ஒருத்தி, “அம்மா, இந்த இரைச்சலை எல்லாம் கணினியிலே நீக்கிடலாமா?” என்று கேட்டாள். “கையை வைக்காதே” என்றேன். அது இரைச்சல் இல்லை, அதுதான் ஊர்!

இரண்டு வருஷத்திலே அந்த அம்மா காலமாகிவிட்டார். அதற்கப்புறம் ஒருநாள் அந்தக் குழந்தையின் தாய் ஆள் விட்டு அனுப்பி அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “இவன் மூணாவது படிக்கிறான் டீச்சர். அவன் மாமன் பேரு பாட்டுல வர்ற இடத்துல நிறுத்தி நிறுத்திக் கேட்கிறான். இப்ப தங்கச்சி தொட்டிலை ஆட்டறப்ப அவனே பாடறான்” என்று சொல்லியனுப்பினாள். (நீண்ட கைதட்டல்) நடுவர் அவர்களே, பாட்டி இல்லை. பாட்டு இருக்கிறது. அது பெட்டிக்குள்ளே அடைந்து கிடக்கவும் இல்லை. பெட்டியிலிருந்து இறங்கி, அண்ணன் வாய் வழியாகத் தங்கச்சி காதுக்குப் போய்விட்டது. விதைநெல் முளைத்துவிட்டது!

எதிரணியினர் சொன்னதிலே ஒன்றை நான் தலைவணங்கி ஒத்துக்கொள்கிறேன். பதிவைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தனியாக விட்டால் அது வெறுந்தொட்டிலை ஆட்டுகிற மாதிரிதான். செல்போனைக் கையிலே கொடுத்துவிட்டு அம்மா ஒரு சீரியல், அப்பா ஒரு கிரிக்கெட் என்று உட்கார்ந்தால் எந்தப் பாட்டும் ஒட்டாது. (சிரிப்பு) பதிவைக் கேளுங்கள், நிறுத்துங்கள், நீங்கள் பாடுங்கள். சுருதி சேரவில்லையா? பரவாயில்லை. எந்தக் குழந்தையும் இதுவரைக்கும் தாயைப் பார்த்து “உனக்கு ராகம் தெரியலை” என்று சொன்னதில்லை. கட்டின புருஷன்தான் சொல்லுவார்! (சிரிப்பு, கைதட்டல்)

இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற குடும்பங்களுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலே பாட்டி இருக்கிறாரா? பெரியம்மா இருக்கிறாரா? இந்த விடுமுறையிலே கூட்டிவந்து உட்கார வையுங்கள். ஆனா தனியாக உட்கார வைத்து “பாடு” என்று சொல்லாதீர்கள். பேரன் பேத்திகளைச் சுற்றி உட்கார வையுங்கள். பாடும்போது பிள்ளைகள் சிரித்தாலும் குறுக்கே கேள்வி கேட்டாலும் தடுக்காதீர்கள். முடிந்ததும் பாடினவர் பேர், ஊர், தேதி மூன்றையும் அதே பதிவிலே வாயாலே சொல்லி வையுங்கள். லிண்டாவுக்கு நடந்தது நம்ம பாட்டிக்கு நடக்கக் கூடாது. அந்தப் பதிவை ஒரே போனிலே வைக்காமல் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லார் வீட்டுக்கும் அனுப்புங்கள். ஒரு வீட்டிலே தொலைந்தாலும் இன்னொரு வீட்டிலே இருக்கும்.

நகை நட்டு எல்லாம் பீரோவிலே பத்திரமாக இருக்கிறது. பத்திரம் பட்டா எல்லாம் வங்கியிலே பத்திரமாக இருக்கிறது. நம்மைத் தூங்க வைத்த குரல் மட்டும் ஒரு வயசான தொண்டையிலே, எந்தக் காப்பும் இல்லாமல் இருக்கிறது. அந்தத் தொண்டை ஓய்வதற்குள்ளே நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

தாய் பாடட்டும், பாட்டி பாடட்டும், அதை நான் எப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இல்லாத நாளிலும், அவர்கள் பார்த்தே இராத கொள்ளுப்பேரன் காதிலும் அந்தப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பிள்ளைகளின் நடுவிலே பதிந்து வைத்த ஒலிப்பதிவே! ஒலிப்பதிவே! என்று கூறி, நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்குவார்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)